பழைய சிறு காரைத் தேர்ந்து வாங்குதல்

நம் தந்தையர் காலத்தில் சந்தைக்குச் சென்று உழவு மாடு வாங்கியவர்கள், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விலை பேசியதில்லை. பல்லைக் கொண்டு வயதை அறிவார்கள், சுழியைப் பார்ப்பார்கள், குளம்பைத் தட்டிப் பார்ப்பார்கள், சிறிது தொலைவு நடக்கவிட்டு நடையைக் கவனிப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகே தரகருடைய துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து, விலையை முடிப்பார்கள். அந்த மாட்டைக் காட்டிலும் பன்மடங்கு விலையுள்ள பழைய மோட்டார் காரை இன்று நம்மில் பலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மேற்பூச்சின் பளபளப்பை மாத்திரம் பார்த்து வாங்கிவிடுகிறோம். பிறகு வருந்துகிறோம்.

உத்தியோக நிமித்தமாகத் தமிழ்நாட்டை விட்டுப் பெங்களூரில் குடியேறிய குடும்பங்களுக்கு இவ்விஷயத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. நாம் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் இரண்டு மாநிலங்களுக்கு இடையே நிகழ்கின்றன. காரின் சக்கரங்கள் ஓசூர் எல்லையை ஒரு நிமிஷத்தில் கடந்துவிடும். காரின் பதிவு அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. ஆகவே, பழைய கார் வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார் என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, இரும்பாலான வண்டி. மற்றொன்று, அவ்வண்டியின் பெயரிலுள்ள பதிவு. இரண்டையும் ஒருங்கே சோதித்து வாங்குவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நமக்கு நேர்ந்தது

நாம் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறோம். ஒரு காகிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பது நம்முடைய தொழில். அப்படியிருந்தும், சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபோது, நம்முடைய பழைய காரை ஒரு தரகர் வாயிலாக விற்று, அவர் நீட்டிய நிரப்பப்படாத படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். சாமான்களைக் கட்டும் அவசரம். குழந்தைகளின் பள்ளி மாற்றம். பணம் வங்கியில் வந்து சேர்ந்ததும் காரியம் முடிந்ததென்று எண்ணினோம். வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு ரசீதுகூடக் கேட்டுப் பெறவில்லை.

இரண்டாம் ஆண்டில், சென்னையில் ஒரு சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கை மீறியதற்காக நமக்கு அபராத அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் மற்றொன்று. பின்னர் மூன்றாவது. கார் நம் கையில் இல்லை; ஆனால் அது நம் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அபராதத் தொகை பெரிதன்று. அந்தக் கார் நாளை ஒரு மனிதர்மீது மோதிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணமே நம் உறக்கத்தைக் கெடுத்தது.

அந்த அச்சம் வீணானதன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைப் போன்ற வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அதில் சம்பந்தப்பட்ட வாகனத்தின் பதிவு உரிமையாளர் அதை 2007-ஆம் ஆண்டிலேயே விற்றுவிட்டிருந்தார். வாகனம் பல கைகள் மாறியது. பதிவில் மாத்திரம் அவர் பெயர் மாறவில்லை. 2009-இல் விபத்து நேர்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, எவர் பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விற்றவர் நிலை இது. பெயர் மாற்றாமல் வாங்கியவர் நிலையும் நல்லதன்று. அவர் பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குச் சட்டத்தின் கண்ணில் வேறொருவர் சொந்தக்காரராக இருக்கிறார்.

நாம் பதிவுத் தபாலில் பதிவு அலுவலகத்திற்கு விவரம் தெரிவித்தோம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். வங்கிக் கணக்கில் தரகர் பெயரில் பணம் வந்த பதிவு ஒன்றே நம்மிடம் இருந்த சான்று. அதைக் கொண்டு தேடி, வேறொரு மாவட்டத்தில் மூன்றாவது கையில் ஓடிக்கொண்டிருந்த காரைக் கண்டுபிடித்துப் பெயர் மாற்றுவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. இந்தப் பாடத்தைப் பிறர் விலை கொடுக்காமலே பெறட்டும் என்பதற்காகவே இதைக் கூறினோம்.

எந்தக் கார்?

சிறு குடும்பத்திற்கு ஏற்றது ஹாட்ச்பேக் என்று சொல்லப்படும் வகை. சாமான் வைக்கும் இடம் தனிப் பெட்டியாக வெளியே நீளாமல், பின் இருக்கைக்குப் பின்னால் உள்ளடங்கி, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவோடு அமைந்த கார் இது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்த வகையை நம் நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது. 2006-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 கன சென்டிமீட்டருக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அது முதல் நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்ளேயே செய்யப்பட்டு வருகின்றன.

தமிழர்களாகிய நமக்கு இவ்வகைக் கார்களில் சில அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவை. 1998-இல் வெளிவந்த சாண்ட்ரோ, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. 2010-இல் வந்த ஃபோர்டு ஃபிகோ மறைமலைநகரில் பிறந்தது. பெங்களூரை அடுத்த பிடதியில் 2011 முதல் டொயோட்டா லிவா செய்யப்பட்டது. ஆயினும் பிறந்த ஊரைப் பற்றிய அன்பு ஒன்று; உதிரிப் பாகம் கிடைப்பது வேறொன்று. ஷெவர்லே கார்கள் 2017-ஆம் ஆண்டு முடிவோடு நம் நாட்டில் விற்பனை நிறுத்தப்பட்டன. இந்தியச் சந்தைக்குக் கார் செய்வதை ஃபோர்டு நிறுவனம் 2021-இல் நிறுத்தியது. இத்தகைய கார்கள் பழைய கார்ச் சந்தையில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. மலிவைக் கண்டு கை நீட்டுமுன், பழுது பார்ப்பவரிடம் சென்று, முன் விளக்கு, கிளட்ச் தட்டு, கதவுக் கண்ணாடி ஆகிய மூன்றும் எத்தனை நாளில், என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்துக் கொள்ள வேண்டும்.

பெட்ரோலா, டீசலா என்ற கேள்விக்கு நகரவாசி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. அண்மைக்கால டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் தேவைப்படும். வீட்டிலிருந்து அலுவலகத்திற்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் சிறு பயணங்களுக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தமானது.

எஞ்சினின் அளவைப் பற்றியும் ஒரு சொல். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிடச் சற்றேறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் சாதாரணப் பெட்ரோல் எஞ்சின், ஏறத்தாழ அந்த அளவுக்கு வலிமையும் குறைந்தே இயங்கும். சென்னையில் சுறுசுறுப்பாக ஓடிய கார் இங்கே சற்றுத் தளர்ந்தாற்போல் தோன்றினால், உடனே அதைக் கோளாறு என்று எண்ண வேண்டா. ஆனால் நால்வர் ஏறி, குளிர்சாதனத்தையும் இயக்கி, மேம்பாலம் ஏற வேண்டிய குடும்பத்தினர் 800 கன சென்டிமீட்டர் காரைவிட 1000 முதல் 1200 வரையுள்ள காரைத் தேர்வது நலம்.

ஆண்டைத் தேர்வதில் பாதுகாப்பு முதலிடம் பெற வேண்டும். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் தடையமைப்பு, 2019 ஏப்ரல் முதல் புதிதாக விற்கப்படும் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய கார்களின் மலிவான ரகங்களில் இவ்விரண்டும் இல்லாதிருக்கலாம். ஆகவே, கூடுமானால் 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் செய்யப்பட்ட காரைத் தேடுக. முடியாதாயின், முந்திய கார்களில் இவ்விரண்டும் உள்ள உயர்ந்த ரகத்தைத் தேடுக.

எரிபொருளிலும் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் வெளிவந்த கார்களில் பெரும்பாலானவை 10 விழுக்காடு அளவுக்கே திட்டமிடப்பட்டவை. எத்தனாலின் எரிசக்தி, அதே அளவு பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான். இதனால் மைலேஜ் குறையும். 10 விழுக்காட்டிற்கேற்ப அமைந்த கார்களில் இக்குறைவு 6 முதல் 7 விழுக்காடு வரை இருக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் நாளடைவில் கெடுக்கக் கூடும். ஆதலால் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரை, ‘குறைவாக ஓடிய கார்’ என்று மகிழ்ந்து வாங்குவது சரியன்று. எரிபொருள் குழாய்களைக் கட்டாயமாகப் பார்க்க வேண்டும்.

கிலோமீட்டர் சொல்லாத செய்தி

பெங்களூரில் இரண்டாம் முறை கார் தேடியபோது, 41,000 கிலோமீட்டர் காட்டிய ஒரு கார் நம் மனத்தைக் கவர்ந்தது. அல்சூரில் நெடுங்காலமாகப் பழுது பார்க்கும் தமிழர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றோம். அவர் மீட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. “கிலோமீட்டரைப் பாக்காதீங்க சார். இந்த ஊர்ல வண்டி ஓடினதைவிட நின்னதுதான் அதிகம். கிளட்ச்சை மிதிச்சுப் பாருங்க” என்றார். மிதித்துப் பார்த்தோம், மிதி கனத்துக் கிடந்தது. கிளட்ச் தேய்ந்துவிட்டதென்று அவர் கண்டு சொன்னார். அதை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசி, அந்தக் காரையே வாங்கினோம்.

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். டாம்டாம் என்னும் நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 29 நிமிஷங்கள் ஆயின. அதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம். இந்த வேகத்தில் 50,000 கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் சுமார் 2,400 மணி நேரம் இயங்கியிருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே தொலைவு ஓடிய எஞ்சின் சுமார் 830 மணி நேரமே இயங்கியிருக்கும். மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டும். எஞ்சின் எண்ணெயும், கிளட்ச்சும், குளிர்விக்கும் விசிறியும் மட்டும் மும்மடங்கு உழைத்திருக்கும்.

தவிரவும், மீட்டரின் எண்ணைத் திருத்திவிட இயலும். எண் உண்மையானதா என்று அறிய வேறு வழிகள் உண்டு. நிறுவனத்தின் சர்வீஸ் நிலையங்களில், ஒவ்வொரு முறையும் கார் வந்தபோது மீட்டர் காட்டிய எண் குறித்து வைக்கப்படுகிறது. விற்பவரையே உடன் அழைத்துச் சென்று அதைக் கேட்டுப் பெறலாம். பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் சக்கரத்தின் தோலும் பளபளத்து இருக்க, மீட்டர் 20,000 என்று காட்டினால், இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பொய் சொல்வது ரப்பர் அன்று.

கண்ணும் காதும் மூக்கும் கொண்டு சோதித்தல்

காரைக் காலை வேளையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்க வேண்டும். நாம் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், அதற்குக் காரணம் இருக்கக்கூடும். மூடியின்மேல் கை வைத்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் புகையைக் கவனிக்க. நீலப் புகை நீடித்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறதென்று பொருள். கரும்புகை பெட்ரோல் அளவுக்கு மீறிச் செலவாவதைக் காட்டும். காலைக் குளிரில் சிறிது வெண்மையான ஆவி வருவது இயற்கை. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால், குளிர்விக்கும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறதென்று ஐயப்பட வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற வெண்படலம் காணப்பட்டால் அந்த ஐயம் வலுப்படும்.

எஞ்சினின் உள்ளே வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குவதற்குச் சில கார்களில் ரப்பர்ப் பட்டையும், சில கார்களில் உலோகச் சங்கிலியும் உண்டு. மாருதி 800-லும் பழைய சாண்ட்ரோவிலும் பட்டை. மாருதியின் கே வரிசை எஞ்சின்களில் சங்கிலி. பட்டையுள்ள காரானால், கையேட்டில் குறித்த தொலைவில் அது மாற்றப்பட்டதா என்பதற்கு ரசீது கேட்க வேண்டும். பட்டை ஓட்டத்தில் அறுந்தால் கார் நின்றுவிடும். சில எஞ்சின்களில் உட்பாகங்களும் உடையும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டதென்று பொருள். மேல்வரிகள் ஆழமாக இருந்தாலும் வயது முதிர்ந்த டயரின் ரப்பர் இறுகிவிடும். பக்கங்களில் வெடிப்புக் காணும். முன் டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், சக்கரங்களின் நேரமைப்பிலோ, அடிச்சட்டத்திலோ குறை இருக்கலாம்.

கார் மோதியதா என்பதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கதவுகளுக்கு இடையேயுள்ள சந்துகள் இரு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கின்றனவா? எஞ்சின் மூடியையும் முன் தகடுகளையும் பிணைக்கும் திருகுகளின் தலையில் வண்ணம் சிதைந்திருக்கிறதா? பின்கதவின் அடியிலுள்ள விரிப்பைத் தூக்கினால் தகடு மடங்கி நிமிர்த்திய தழும்பு தெரிகிறதா? சிறு கீறல்கள் நகரத்துக் காருக்கு இயல்பு; அவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அடிச்சட்டம் வளைந்த காரை மட்டும் எவ்விலைக்கும் வாங்கலாகாது.

கார் எந்த ஊரில் வாழ்ந்தது என்பதும் முக்கியம். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று கதவின் அடிவிளிம்பையும், தரைத் தகட்டையும், புகைக்குழாயையும் அரிக்கும். பெங்களூரில் வாழ்ந்த காருக்குத் துருத்தொல்லை குறைவு. கிளட்ச் தொல்லை அதிகம். வெள்ளத்தில் மூழ்கிய காரோ எங்கிருந்தும் வரலாம். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்திலும், 2022 செப்டம்பரில் பெங்களூர் வெளிவட்டச் சாலை, பெள்ளந்தூர்ப் பகுதிகளின் வெள்ளத்திலும் பல கார்கள் மூழ்கின. மூழ்கிய கார் துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு, வெள்ளம் காணாத ஊருக்கு விற்பனைக்குச் செல்வதுண்டு. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சேற்றுக்கோடு தெரியலாம். இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கும். விரிப்பின் அடியில் வண்டல் படிந்திருக்கும். கண்ணாடிகளை ஏற்றி மூடிவிட்டுச் சில நிமிஷம் உள்ளே அமர்ந்தால், வாசனைத் திரவியத்தையும் மீறி ஈர நாற்றம் வரும். மின்கம்பிகள் அனைத்தும் கணிப்பொறியோடு பிணைந்த இக்காலக் கார்களில், இக்குறை ஓராண்டு கழித்தும் தலைகாட்டும்.

கடைசியாகக் காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். வேகத்தடைகளின்மேல் ஏறி இறங்குக. மேட்டில் நிறுத்தி மறுபடி கிளப்புக. ஆளில்லாத சாலையில் பிரேக்கை அழுத்தி, கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்க்க. பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டு ஓட்டுவது அவசியம். வாங்குபவர் கேட்கக் கூடாத ஓசையைச் சங்கீதத்தால் மறைப்பது பழைய தந்திரம்.

விலை

விலை பேசும்போது, புதிய கார் அன்று விற்ற விலையோடு ஒப்பிடாமல், இன்று விற்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். சிறு பெட்ரோல் கார்களின்மீது 29 விழுக்காடாக இருந்த மொத்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரியில்லாமல் 100 ரூபாயாக இருந்த பொருள், முன்பு 129 ரூபாய்க்கு விற்றது. அதற்குப் பின் 118 ரூபாய்க்கு விற்கலாயிற்று. பழைய காரின் சொந்தக்காரர் தாம் கொடுத்த விலையை நினைத்தே பேசுவார். அது மனித இயல்பு. நாம் கணக்கை எடுத்துரைக்க வேண்டும். எவ்வளவு சோதித்து வாங்கினாலும், காரின் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டின் பழுதுகளுக்காக ஒதுக்கி வைத்தல் நன்று. அத்தொகையை ஒதுக்க முடியாதவர் சற்று மலிவான காரைத் தேட வேண்டும்.

பதிவைச் சோதித்தல்

இரும்பைப் பார்த்தாயிற்று. இனிக் காகிதத்தைப் பார்ப்போம்.

பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும், காரில் பொறிக்கப்பட்டவையும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கு வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் பெற்று, அக்குறிப்பை நீக்கிய பின்னரே முழுப் பணமும் கொடுக்க வேண்டும். செலுத்தாத அபராதங்கள் உண்டா என்பதை அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் எவரும் பார்க்கலாம். காரின் வயது 15 ஆண்டை நெருங்குமாயின் எச்சரிக்கை தேவை. தனியார் காரின் முதற்பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பின்பு சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29 விற்றதை அறிவிப்பது; படிவம் 30 பெயர் மாற்றக் கோருவது. இவற்றில் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டுக் கையெழுத்திடலாகாது. கார் கைமாறும்போது நாளும் மணியும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட ரசீது இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் கன்னடத்தில் இருந்து, நமக்குக் கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால், அண்டை வீட்டாரைக் கொண்டு முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. படிக்கத் தெரிந்த மொழியிலேயே படிக்காமல் கையெழுத்திட்ட நாம் இதைச் சொல்லத் தகுதியுடையோம்.

வியாபாரியிடம் காரை விட்டுச் செல்வோருக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பட்டுள்ளது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி, அனுமதி பெற்ற பழைய கார் வியாபாரியிடம் காரை ஒப்படைத்ததை முறைப்படி அறிவித்தால், அதுமுதல் அவ்வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வியாபாரி அத்தகைய அனுமதி பெற்றவரா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

காப்புறுதியிலும் கவனம் தேவை. பிறருக்கு நேரும் சேதத்திற்கான காப்பு, காரோடு வாங்கியவருக்கு மாறுவதாகச் சட்டம் கருதுகிறது. ஆயினும் 14 நாளுக்குள் பெயர் மாற்றத்திற்கு எழுதிக் கேட்க வேண்டும். காருக்கே நேரும் சேதத்திற்கான காப்பு தானாக மாறுவதில்லை. இழப்பீடு கோராதிருந்ததற்காகக் கிடைக்கும் கட்டணச் சலுகை, காருக்கு உரியதன்று. அது விற்றவருக்கே உரியது.

மாநில எல்லை

இப்போது ஓசூர் எல்லைக்கு வருவோம். சென்னையில் மலிவாகக் கிடைத்த காரைப் பெங்களூருக்குக் கொண்டுவர எண்ணுவோர் மூன்று செய்திகளை அறிய வேண்டும். முதலாவது, தமிழ்நாட்டுப் பதிவு அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். இரண்டாவது, கார் வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்படுமாயின், 47-ஆம் பிரிவின்படி அம்மாநிலத்தின் புதிய பதிவெண் பெற வேண்டும். மூன்றாவது, கர்நாடகத்தின் வாழ்நாள் வரியைக் காரின் வயதுக்கேற்பச் செலுத்த வேண்டும். புதிய காருக்கு இவ்வரி விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது. வரி செலுத்திய பின், தமிழ்நாட்டில் முன்பு கட்டிய வாழ்நாள் வரியில் எஞ்சிய காலத்திற்குரிய பகுதியைத் திரும்பக் கோரலாம். ஆனால் அதற்கு அலைச்சலும் காலமும் ஆகும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பெங்களூரிலேயே கர்நாடகப் பதிவுள்ள காரைச் சற்று அதிக விலை கொடுத்து வாங்குவது பல சமயங்களில் லாபமாகவே முடியும்.

அடிக்கடி மாற்றலாகும் மத்திய, மாநில அரசு ஊழியர், பாதுகாப்புப் படையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர் ஆகியோருக்கு 2021 செப்டம்பரில் ‘பி.எச்.’ வரிசைப் பதிவெண் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். மாநிலம் மாறினாலும் பதிவெண் மாறாது. 2022 டிசம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஏற்கனவே வேறு பதிவெண் உள்ள காரையும் தகுதியுள்ளோர் இவ்வரிசைக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. இன்னும் மாற்றல் வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் நம் போன்றோர் இதை விசாரித்தறிவது பயன் தரும்.

நேயர்களே, நல்ல பழைய கார் ஒரு குடும்பத்திற்குப் பெரிய சௌகரியம். மழை நாளில் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரலாம்; நள்ளிரவில் முதியோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம்; பொங்கலுக்கு ஊர் செல்ல, பேருந்துச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அச்சௌகரியத்தை அடைய, ஒரு காலைப்பொழுதைச் சோதனைக்கும், இரண்டு நாளைப் பதிவு அலுவலகத்திற்கும் ஒதுக்குவது மிகையாகாது. உங்கள் பெயர் ஏறிய பதிவுச் சான்று கைக்கு வரும் நாளிலேதான் கார் வாங்கியது முடிவு பெறுகிறது; விற்றவர் பெயர் நீங்கிய நாளிலேதான் விற்றதும் முடிவு பெறுகிறது. அதுவரை ரசீதையும் படிவங்களின் நகல்களையும் பத்திரமாக வைத்திருங்கள் என்று கூறி அமைகிறோம்.